எல்டிஎஃப் ஃபைலை அழிக்காதீங்க, கடைக்காரங்களுக்கு இதை யாராவது சொல்லணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

ஈரோடு பக்கம் மஞ்சள் மண்டி, ஜவுளி குடோன், மருந்துக்கடை, அரிசி மில் மாதிரி இடங்கள்ல கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலை பண்றவன் நான். காலைல ஷட்டரை தூக்குனதும் உங்க பேப்பரை விரிச்சு வச்சு படிக்கிற வியாபாரிங்க இங்க நிறைய, அதனாலதான் இதை உங்களுக்கு எழுதுறேன். பேப்பர்ல வர்ற விஷயமானு நினைக்காதீங்க, பில்லிங் சாஃப்ட்வேர் வச்சிருக்கற ஒவ்வொரு கடைக்கும் என்னைக்காவது ஒருநாள் இந்த பிரச்சனை வரும், அன்னைக்கு அவசரத்துல தப்பா ஒரு வேலை பண்ணிட்டா வருஷக்கணக்கு டேட்டா போயிரும்.

பிரச்சனை இதுதான். கவுண்டர்ல கூட்டம் நிக்கும்போது பில் சேவ் ஆகாம ஒரு எரர் வரும். மைக்ரோசாஃப்டோட எஸ்க்யூஎல் சர்வர்ங்கிற டேட்டாபேஸ்ல ஓடுற சாஃப்ட்வேரா இருந்தா அந்த எரர் நம்பர் 9002, டிரான்ஸாக்ஷன் லாக், அதாவது நடக்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கிற பதிவு, நிறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். டி டிரைவை திறந்து பார்த்தா சிவப்பா இருக்கும். எது இவ்வளவு இடத்தை அடைச்சிருக்குன்னு தேடுனா, கடையோட மொத்த டேட்டாவும் இருக்கிற எம்டிஎஃப் ஃபைல் 4 ஜிபிதான் இருக்கும், அதுக்கு பக்கத்துல அந்த லாக் இருக்கிற, எல்டிஎஃப்னு முடியுற ஃபைல் 180 ஜிபி, 200 ஜிபின்னு உக்காந்திருக்கும். பார்க்கிற யாருக்கும் முதல்ல தோணுறது என்ன, இது வெறும் லாக் தானே, பழைய குப்பை தானே, அழிச்சிட்டா இடம் கிடைச்சிருமேன்னுதான். அங்கதாங்க ஆபத்தே.

அந்த ஃபைல் குப்பை இல்ல. நம்ம ஊர் மண்டியில பழைய கணக்குப்பிள்ளைங்க எப்படி எழுதுனாங்கன்னு யோசிங்க, நடக்கிற ஒவ்வொரு வரவு செலவும் முதல்ல நாள்வழியில ஏறும், அப்புறம் நேரம் கிடைக்கும்போதுதான் பேரேட்டுல அவங்கவங்க பக்கத்துக்கு போகும். பேரேட்டுல ஏத்தறதுக்கு முன்னாடி நாள்வழியை கிழிச்சுட்டா அன்னைக்கு கணக்கு அவ்வளவுதான். டேட்டாபேஸும் அப்படித்தான் வேலை செய்யுது. நீங்க பில்லை சேவ் பண்ணதும் அந்த மாற்றம் முதல்ல எல்டிஎஃப் ஃபைல்ல டிஸ்க்குல பதிவாகும், அது பதிவான பிறகுதான் சாஃப்ட்வேர் சேவ் ஆயிருச்சுன்னு சொல்லும், எம்டிஎஃப் ஃபைலுக்கு அது பின்னாடி மெதுவா போய் சேரும். நடுவுல கரன்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டுட்டா, மறுபடி ஆன் ஆகும்போது சர்வர் அந்த லாக்கை படிச்சுப் பார்த்து, முடிஞ்ச பில்லை எல்லாம் திரும்ப ஏத்தும், பாதியில நின்ன பில்லை எல்லாம் ரத்து பண்ணும், அதனாலதான் நம்ம ஊர்ல எத்தனை தடவை கரன்ட் போனாலும் கணக்கு குழம்பாம இருக்கு. இந்த முறையை ஒழுங்குபடுத்தி 1992ல ஏரீஸ்ங்கிற பேர்ல ஆய்வுக்கட்டுரையா வெளியிட்டவங்கள்ல முதல் பேரு சி. மோகன், சென்னை ஐஐடியில கெமிக்கல் என்ஜினியரிங் படிச்சுட்டு அமெரிக்கா போய் ஐபிஎம் அல்மடென் ஆராய்ச்சி மையத்துல வேலை பார்த்தவர். தமிழ்நாட்டுல பிறந்து வளர்ந்தவர் முக்கிய பங்கு வகிச்ச வேலை இது, இன்னைக்கு எஸ்க்யூஎல் சர்வர், டிபி2 மாதிரி டேட்டாபேஸ்கள் அந்த வழியிலதான் நிக்குது. இதை நம்ம காலேஜ் பசங்களுக்கு பரீட்சைக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துட்டு விட்டுடறோமேங்கிறது எனக்கு நிஜமாவே வருத்தமுங்க.

சரி, அந்த ஃபைல் ஏன் அவ்வளவு பெருசாகுது? இதுக்கு பதில் தெரிஞ்சா பாதி பிரச்சனை தீர்ந்துச்சு. எஸ்க்யூஎல் சர்வர்ல ரெகவரி மாடல்னு ஒரு செட்டிங் இருக்கு. சிம்பிள்னு வச்சா, எம்டிஎஃப்புக்கு போய் சேர்ந்து முடிஞ்ச வேலைகளோட லாக் இடத்தை சர்வரே அப்பப்ப காலி பண்ணி மறுபடி உபயோகிச்சுக்கும், ஃபைல் ரொம்ப வளராது. ஃபுல்னு வச்சா அப்படி காலி பண்ணாது, நீங்க லாக் பேக்கப்னு தனியா ஒண்ணு எடுக்கிற வரைக்கும் ஒவ்வொரு வரியையும் பத்திரமா வச்சிருக்கும், ஏன்னா நீங்க பின்னாடி நேத்து மத்தியானம் 3 மணிக்கு எப்படி இருந்துச்சோ அப்படி திருப்பிக் கொடுன்னு கேட்டா கொடுக்கணுமில்ல. லாக் பேக்கப்பே எடுக்காம ஃபுல்ல விட்டு வச்சா அது வளர்ந்துட்டேதான் இருக்கும், டிஸ்க் முடியுற வரைக்கும்.

இதுல நிறைய பேரை குழப்புற ஒரு விஷயம் இருக்கு, கொஞ்சம் நிதானமா சொல்றேன். தினமும் ராத்திரி ஃபுல் பேக்கப் எடுக்கிறோமே, அப்புறம் ஏன் லாக் காலியாகலைன்னு கேப்பாங்க. ஃபுல் பேக்கப் எடுத்தா லாக் காலியாகாதுங்க. லாக் பேக்கப் வேற, ஃபுல் பேக்கப் வேற. அதைவிட வேடிக்கை, ஃபுல் ரெகவரி மாடல்ல புதுசா உருவாக்குன டேட்டாபேஸுக்கு முதல் ஃபுல் பேக்கப் எடுக்கிற வரைக்கும் அது உள்ளுக்குள்ள சிம்பிள் மாதிரியேதான் நடந்துக்கும், லாக் வளராது. முதல் பேக்கப் எடுத்த அன்னையில இருந்துதான் லாக்கை சேர்த்து வைக்க ஆரம்பிக்கும். அதனால பேக்கப்பே எடுக்காத கடையில பிரச்சனை இருக்காது, நல்லபடியா பேக்கப் எடுக்க ஆரம்பிச்ச கடையில டிஸ்க் நிறையும், உடனே ஓனர் பேக்கப்பாலதான் இதெல்லாம் வந்துச்சுன்னு அதை நிறுத்திருவாரு. இப்படி பேக்கப்பை நிறுத்துன கடைகளை நான் பார்த்திருக்கேன், வயிறு எரியுமுங்க.

இன்னொரு காரணம், சாஃப்ட்வேர் விக்கிறவங்க அவங்க ஆபீஸ்ல ரெடியா வச்சிருக்கிற காலி டேட்டாபேஸ் பேக்கப்பை கொண்டு வந்து கடையில ரீஸ்டோர் பண்ணிக் கொடுத்துட்டு போறாங்க. அந்த பேக்கப் ஃபுல் மாடல்ல எடுத்ததா இருந்தா இங்கயும் ஃபுல்லாவேதான் வரும். கடையில லாக் பேக்கப் எடுக்க ஏற்பாடு இருக்கானு யாரும் பாக்கறதில்ல. சின்ன கடைங்கள்ல இருக்கிறது பெரும்பாலும் காசில்லாம கிடைக்கிற எக்ஸ்பிரஸ் எடிஷன், அதுல நேரம் வச்சு வேலை ஓட்டுற ஏஜென்ட் கிடையாது. அந்த எடிஷன்ல ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி (2025 பதிப்புல 50 ஜிபி) எல்லைன்னு சொல்றது எம்டிஎஃப் பக்கத்துக்கு மட்டும்தான், லாக்குக்கு அந்த எல்லை இல்ல, அதனால அது பாட்டுக்கு போயிட்டே இருக்கும்.

இப்ப அழிக்கிற கதைக்கு வர்றேன். சர்வர் ஓடும்போது எல்டிஎஃப் ஃபைலை விண்டோஸ் அழிக்க விடாது. சர்வீஸ் ஆளு என்ன பண்றாருன்னா சர்வீஸை நிறுத்திட்டு ஃபைலை அழிச்சுட்டு மறுபடி ஆன் பண்றாரு. டேட்டாபேஸ் ஒழுங்கா மூடி இருந்துச்சுன்னா சில நேரம் புது லாக் ஃபைல் ஒண்ணு உருவாகி திறந்துக்கும். இப்படி ரெண்டு இடத்துல திறந்துருச்சுன்னா அவருக்கு இது ஒரு வைத்தியமா ஆயிரும், போற இடமெல்லாம் இதையே பண்ணுவாரு. மூணாவது இடத்துல கரன்ட் கட்டாகி திடீர்னு நின்ன சர்வரா இருக்கும், இல்ல ஒரு பில் பாதியில இருந்திருக்கும், அப்ப திறக்காது. லாக்கை மறுபடி உருவாக்க முடியாதுன்னு எரர் வரும். எனக்கு தெரிஞ்ச ஒரு மருந்துக்கடையில இப்படித்தான் ஆச்சு, கைல இருந்த பேக்கப் ரொம்ப பழசு, அதுக்கப்புறம் வந்த கொள்முதல் பில்லை எல்லாம் கட்டு கட்டா எடுத்து வச்சு பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி தேதியோட மறுபடி டைப் அடிச்சாங்க அந்த கடை பொண்ணுங்க, விற்பனை பக்கம் கடைசி வரைக்கும் முழுசா சேரவே இல்ல. கடைசி ஆயுதமா செக்டிபின்னு ஒரு ரிப்பேர் கட்டளை இருக்கு, ஆனா டேட்டா போனாலும் பரவாயில்லைன்னு நாம சம்மதம் கொடுத்துதான் அதை ஓட்டணும், ஓட்டி முடிச்சாலும் கணக்கு சரியா இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

இது ஏதோ நம்ம ஊர் ஆளுங்க மட்டும் பண்ற தப்புன்னு நினைக்க வேண்டாம். போஸ்ட்கிரஸ்னு இன்னொரு டேட்டாபேஸ் இருக்கு, அதுல இதே வேலையை செய்யிற ஃபைல்கள் பிஜி எக்ஸ்லாக்ங்கிற ஃபோல்டர்ல இருந்துச்சு, உலகம் முழுக்க பலபேர் அதை சாதா லாக்னு நினைச்சு அழிச்சு டேட்டாபேஸை இழந்தாங்க, கடைசியில 2017ல வந்த 10ஆவது பதிப்புல அந்த ஃபோல்டரோட பேரையே லாக்ங்கிற சொல் இல்லாம பிஜி வால் (pg_wal)னு மாத்திட்டாங்க.

ஜிஎஸ்டி வந்த பிறகு இந்த இழப்பு இன்னும் பெருசு. சட்டப்படி கணக்கு வழக்கை வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் பண்ண வேண்டிய கடைசி தேதியில இருந்து 72 மாசம் வச்சிருக்கணும். நோட்டீஸ் வந்தா கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுங்கன்னு சொல்லி தப்பிக்க முடியாது, ஆடிட்டரும் ஒண்ணும் பண்ண முடியாது.

சரி, டிஸ்க் நிறைஞ்சுதான் போச்சு, இப்ப என்ன பண்றதுன்னு கேக்கறவங்களுக்கு. பதட்டப்படாம முதல்ல சர்வர்கிட்டயே காரணத்தை கேளுங்க. சர்வரை நிர்வகிக்கிற மேனேஜ்மென்ட் ஸ்டூடியோங்கிற சாஃப்ட்வேர்ல சிஸ் டாட் டேட்டாபேஸஸ்ங்கிற பட்டியல்ல லாக் ரீயூஸ் வெயிட் டெஸ்க்னு ஒரு காலம் இருக்கு, லாக்கை ஏன் காலி பண்ண முடியலைன்னு அதுவே சொல்லும். லாக் பேக்கப்னு வந்தா லாக் பேக்கப் எடுக்கலைன்னு அர்த்தம், முக்கால்வாசி கடையில இதுதான் வரும். ஆக்டிவ் டிரான்ஸாக்ஷன்னு வந்தா எவரோ ஒருத்தர் பாதியில விட்ட வேலை இன்னும் முடியாம இருக்கு, டிபிசிசி ஓபன்டிரான் கட்டளை போட்டா எது பழசுன்னு காட்டும், பார்த்தா உள் ரூம்ல ஒரு கம்ப்யூட்டர்ல காலைல திறந்த ஸ்டாக் என்ட்ரி ஸ்கிரீன் அப்படியே நிக்கும். அதை மூடாம, ஃபைலை சுருக்குற ஷ்ரிங்க் கட்டளையை நீங்க எத்தனை தடவை போட்டாலும் ஒரு எம்பி கூட குறையாது.

லாக் பேக்கப்தான் காரணம்னா, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கை மாட்டி அதுல லாக் பேக்கப் எடுங்க, உள்ள 180 ஜிபி நிஜமாவே சேர்ந்திருந்தா பேக்கப்பும் கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும், இடம் பார்த்துக்கோங்க. எடுத்து முடிச்சதும் எல்டிஎஃப் ஃபைல் அதே 180 ஜிபியிலதான் நிக்கும், பயப்படாதீங்க, உள்ள காலியாயிருச்சு, ஃபைலோட உருவம் மட்டும்தான் குறையல. அதுக்குத்தான் டிபிசிசி ஷ்ரிங்க்ஃபைல், லாக் ஃபைலோட லாஜிக்கல் பேரும் (சர்வருக்குள்ள அந்த ஃபைலுக்கு இருக்கிற பேரு) எத்தனை எம்பி வேணும்ங்கிறதும் கொடுத்தா போதும். இது ஃபைலோட கடைசிப் பக்கத்துல இருந்துதான் வெட்டும், கடைசியில உபயோகத்துல இருக்கிற துண்டு ஒண்ணு கிடந்தா அங்கயே நின்னுரும், அப்ப கொஞ்ச நேரம் வேலை ஓடவிட்டு மறுபடி லாக் பேக்கப் எடுத்து மறுபடி ஷ்ரிங்க் போட்டா குறைஞ்சிரும். டி டிரைவ்ல துளிகூட இடமில்லாம கவுண்டர் நின்னு போயிருந்தா, வேற டிரைவ்ல தற்காலிகமா ரெண்டாவது லாக் ஃபைல் ஒண்ணை சேர்த்து பில் போடுறதை ஆரம்பிச்சுட்டு, சாயங்காலமா நிதானமா இதை பண்ணலாம், வேலை முடிஞ்சதும் அதை எடுத்திரலாம்.

ஒரு எச்சரிக்கை. ரைட் கிளிக் பண்ணி டாஸ்க்ஸ்ல போனா ஷ்ரிங்க் டேட்டாபேஸ்னும் இருக்கும், ஷ்ரிங்க் ஃபைல்ஸ்னும் இருக்கும். டேட்டாபேஸை தொடாதீங்க. அது டேட்டா பக்கங்களை இங்க இருந்து அங்க தூக்கிப் போட்டு, வேகமா தேட உதவுற இன்டெக்ஸ் எல்லாம் சிதறி, மறுநாள்ல இருந்து பில் தேடுறதே மெதுவாயிரும். ஃபைல்ஸ்ல போய் லாக்கை தேர்ந்தெடுங்க. ஆட்டோ ஷ்ரிங்க்னு ஒரு செட்டிங்கும் இருக்கு, அதை ஆஃப்லயே வைங்க.

தினமும் ராத்திரி ஷ்ரிங்க் போடுற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதி வச்சிட்டு போற ஆளுங்களும் இருக்காங்க, இது தப்பு. ராத்திரி 1 எம்பிக்கு சுருக்குனா காலைல வியாபாரம் ஆரம்பிச்சதும் அது மறுபடி வளர்ந்துதானே ஆகணும். லாக் வளரும்போது பொதுவா அந்த புது இடம் முழுக்க பூஜ்யம் எழுதி முடிக்கணும், அது வரைக்கும் எல்லா கவுண்டரும் காத்திருக்கும். 2016 பதிப்புக்கு முன்னாடி இருந்த சர்வர்கள்ல லாக் வளர்ச்சி 10 சதவீதம்னுதான் தானா அமைஞ்சிருந்துச்சு, 100 ஜிபி லாக்கா இருந்தா ஒரே தடவைல 10 ஜிபி வளரப் பார்க்கும், தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஜவுளிக்கடையில இது நடந்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. சின்ன சின்னதா பல தடவை வளர்ந்தாலும் உள்ளுக்குள்ள ஆயிரக்கணக்கான துண்டாகி சர்வர் ஆன் ஆகவே நேரமெடுக்கும். அதனால ஒரு தடவை சுருக்குங்க, கடைக்கு ஒரு வாரத்துல அதிகபட்சம் எவ்வளவு லாக் தேவைப்படுதுன்னு பாருங்க, டிபிசிசி எஸ்க்யூஎல்பெர்ஃப் லாக்ஸ்பேஸ் போட்டா அந்த நேரத்து அளவை காட்டும், அந்த அளவுக்கு கொஞ்சம் மேல வச்சு, வளர்ச்சியை சதவீதமா இல்லாம 256 எம்பி மாதிரி ஒரு நிலையான அளவா வச்சிட்டு கையை எடுத்துருங்க. சாஃப்ட்வேர்ல ரீஇன்டெக்ஸ் பட்டன் இருந்தா அதை அமுக்குற அன்னைக்கு லாக் நிறைய வேணும், அதையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

ஆனா நான் இந்த லெட்டரை எழுதுன முக்கிய காரணம் இந்த கட்டளைங்க இல்ல. சிம்பிளா ஃபுல்லாங்கிற கேள்வியை இப்ப சர்வீஸ் ஆளுதான் முடிவு பண்றாரு, டிஸ்க் நிறைஞ்சா சிம்பிளுக்கு மாத்திட்டு ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கிளம்பிடறாரு. அது ஓனர் முடிவு பண்ண வேண்டிய விஷயமுங்க. கேள்வி இதுதான்: நாளைக்கு இந்த கம்ப்யூட்டர் எரிஞ்சு போச்சுன்னா எத்தனை மணி நேர பில்லை உங்களால இழக்க முடியும்? நேத்து ராத்திரி பேக்கப் வரைக்கும் கிடைச்சா போதும், இன்னைக்கு பில்லை கார்பன் காப்பி பார்த்து ஏத்திக்குவோம்னா, தாராளமா சிம்பிள் வைங்க, லாக் தொந்தரவு பெரும்பாலும் இருக்காது, ராத்திரி பேக்கப் மட்டும் தவறாம இருக்கணும். அப்படி முடியாது, ஒரு நாளைக்கு ஆயிரம் பில் போடுற இடம், ஒரு நாள் போனா கணக்கே சேராதுன்னா ஃபுல்தான் வைக்கணும், அப்ப அரைமணி நேரத்துக்கு ஒரு லாக் பேக்கப் கண்டிப்பா வேணும். எக்ஸ்பிரஸ்ல ஏஜென்ட் இல்லைன்னாலும் விண்டோஸ்லயே இருக்கிற டாஸ்க் ஷெட்யூலர்ல, சர்வருக்கு கட்டளை அனுப்புற எஸ்க்யூஎல்சிஎம்டி வச்சு ஓட்டிக்கலாம், காசு எதுவும் ஆகாது. ஃபுல்ல இருந்து சிம்பிளுக்கு போய் திரும்ப ஃபுல்லுக்கு வந்தா ஒண்ணோட ஒண்ணு தொடர்ற லாக் பேக்கப் சங்கிலி அறுந்துரும், உடனே ஒரு ஃபுல் பேக்கப் எடுத்துட்டா மறுபடி தொடரும், இதை சொல்லாமலே மாத்துறவங்கதான் அதிகம். ஃபுல்னு வச்சுட்டு லாக் பேக்கப் எடுக்காம இருக்கிறதுதான் ரெண்டும் கெட்டான், இடமும் போகும், பாதுகாப்பும் இல்ல.

பேக்கப்பை அதே கம்ப்யூட்டர்ல டி டிரைவ்ல போட்டு வச்சா அது பேக்கப்பே இல்ல. 2015 டிசம்பர் சென்னை வெள்ளமும் பார்த்தோம், 2017 மே மாசம் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களை பூட்டி வச்சதையும் பார்த்தோம். ஒரு காப்பி வெளி டிஸ்க்குல எடுத்து கழட்டி வீட்டுக்கு கொண்டு போங்க, மாசம் ஒரு தடவையாவது வேற கம்ப்யூட்டர்ல ரீஸ்டோர் பண்ணி கடைசி பில் நம்பர் வருதான்னு பாருங்க.

மைஎஸ்க்யூஎல்ங்கிற டேட்டாபேஸ் வச்சிருக்கறவங்களுக்கும் இதே மாதிரி பைனரி லாக் சேர்ந்து டிஸ்க்கை நிரப்பும், அதையும் ஃபோல்டர்ல போய் கையால அழிக்கக் கூடாது, பர்ஜ் பைனரி லாக்ஸ்னு கட்டளை இருக்கு, 8.0 பதிப்புல இருந்து 30 நாள் தாண்டுனதை அதுவே நீக்குற மாதிரிதான் வருது. டேலி மட்டும் வச்சிருக்கறவங்களுக்கு இந்த லாக் விஷயம் பொருந்தாது, ஆனா பேக்கப் பத்தி சொன்னது பொருந்தும்.

சாஃப்ட்வேர் விக்கிற கம்பெனிகளுக்கு உங்க பேப்பர் மூலமா ஒரு கோரிக்கை வைக்கிறேன். இன்ஸ்டால் பண்ணி முடிச்சு கையெழுத்து வாங்குற பேப்பர்லயே ரெகவரி மாடல் எது, பேக்கப் எந்த நேரம் எந்த இடத்துக்கு போகுது, டிஸ்க் நிறைஞ்சா யாருக்கு போன் பண்ணணும்னு தமிழ்ல எழுதி கொடுங்க. வருஷா வருஷம் ஏஎம்சி காசு வாங்குறீங்க, வரும்போது ஒரு தடவை எல்டிஎஃப் ஃபைல் அளவை பார்த்துட்டு போறதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகாது. வியாபாரிங்க சங்கங்களும் கூட்டம் போடும்போது இதை ஒருநாள் பேச வைக்கலாம், எங்களை மாதிரி ஆளுங்களை கூப்பிட்டா காசு வாங்காம வந்து காட்டிக் கொடுக்கத் தயாரா இருக்கோம்.

லெட்டர் நீளமாயிருச்சு, இடம் பத்தாதுன்னா சுருக்கிக்கோங்க, ஆனா எல்டிஎஃப் ஃபைலை அழிக்கிறதை பத்தி எழுதுன பகுதியை மட்டும் எடுத்துடாதீங்க.

இப்படிக்கு,
உங்க வாசகன்,
ஈரோடு.